மூச்சு எளிதாக வேண்டும்: சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயும் கோழையை இளக்கும் மருந்துகளும்

நம் தீவின் வடகிழக்கில் எழுந்துள்ள பேட்டைகளுள் இளையது பொங்கோல். முன்பு கம்பத்து வீடுகளும் பன்றி, கோழிப் பண்ணைகளும் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இளங்குடும்பங்கள் மிகுதியாகக் குடியேறியுள்ள இப்பேட்டையில் குழந்தைகளுக்குக் குறைவில்லை. குழந்தைகள் மிகுந்த இடத்தில் சளியும் இருமலும் பற்றிய பேச்சுக்கும் குறைவிராது. மின்தூக்கியிலும் கீழ்த்தள வெளியிலும் சந்திக்கும் தாய்மார்கள், "பிள்ளைக்கு இருமல் விட்டதா?" என்று ஒருவரையொருவர் வினவுவது அன்றாட வழக்கம்.

இவ்விருமல்களுள் பெரும்பாலானவை சில நாட்களில் தாமே அடங்குவன. சில, ஆஸ்துமாவினால் எழுவன. மிகமிகச் சிலவோ, பிறவியிலேயே குழந்தையுடன் வந்த ஒரு நோயின் அடையாளங்களாகும். அந்நோயின் பெயர் சிஸ்டிக் பைப்ரோசிஸ். மூச்சுக்குழல்களில் ஊறும் கோழை பசைபோல் கெட்டிப்பட்டு, வெளியேற வழியின்றித் தேங்கிவிடுவதே இதன் முதன்மையான துன்பம். அக்கோழையை இளக்கி வெளிக்கொணரும் பொருட்டு மூச்சோடு உள்ளிழுக்கப்படும் மருந்துகளைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துணை அரிய நோயைப் பற்றிப் பேட்டைவாசிகள் அனைவரும் அறிய வேண்டுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கான இரத்தச் சோதனையில் 2019ஆம் ஆண்டு முதல் இந்நோயும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே, இப்பெயரைப் பெற்றோர் பலர் மகப்பேற்றுப் படுக்கையிலேயே கேட்க நேரிடுகிறது. அடுத்து, இது வெள்ளையர்க்கு மட்டுமே வரும் நோய் என்ற தவறான எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலம் நிலவியதால், இந்தியக் குழந்தைகள் பலர் காலந்தாழ்ந்தே சிகிச்சை பெற்றனர். மூன்றாவதாக, மருந்தைப் புகையாக்கும் கருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. ஒருவர்க்கு உயிர்காக்கும் மருந்து மற்றொருவர்க்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை அவ்வீட்டார் அறிந்திருத்தல் நலம்.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

1938ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய டோரதி ஆண்டர்சன் என்னும் மருத்துவ அம்மையார், மெலிந்து மடிந்த சில குழந்தைகளின் கணையத்தில் நீர்க்கட்டிகளும் நார்த்திசுக்களும் பரவியிருக்கக் கண்டார். அவற்றைக் குறிக்கும் சொற்களையே நோய்க்குப் பெயராக இட்டார். கணையம் மட்டுமன்றி நுரையீரலும் கெடுவதை அவரே எடுத்துக் காட்டினார்.

பின்னர் 1948இல் நியூயார்க்கில் கடும் வெயில் காய்ந்தபோது, உடல் நீர் வற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் இந்நோயாளிகள் மிகுந்திருந்தனர். அதன் காரணத்தை ஆராய்ந்த பால் டி சான்ட் ஆக்னீஸ் என்னும் மருத்துவர், இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி இருப்பதை 1953இல் வெளியிட்டார். முத்தமிடும்போது உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பியக் கிராமங்களில் வழங்கிய பழங்கூற்றுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது. இன்றும் இந்நோயை உறுதிசெய்யும் முதன்மையான சோதனை வியர்வைச் சோதனையே. ஒரு லிட்டர் வியர்வையில் குளோரைடு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பின் நோய் இருப்பதாகக் கொள்வர்.

நோய்க்குக் காரணமான மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஷாங்காயில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த லாப் சீ சுய் என்னும் அறிவியலாளரும், பிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியார்டன் ஆகியோரும் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினர். அம்மரபணு ஏழாவது குரோமோசோமில் அமைந்துள்ளது. அதில் ஏற்படக்கூடிய மாற்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இதுவரை பதிவாகியுள்ளன.

கோழை கெட்டிப்படுவது எவ்வாறு?

கோழை என்றவுடன் நாம் முகம் சுளிக்கிறோம். உண்மையில் கோழை உடலுக்குக் காவலன். நாம் உள்ளிழுக்கும் காற்றிலுள்ள தூசியையும் கிருமிகளையும் அது ஒட்டிப் பிடிக்கிறது. மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை விநாடிக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முறை அசைந்து, கோழையைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அங்கே வந்ததை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வாய்க்காலில் நீர் ஓடினால்தான் அதில் விழுந்த சருகும் குப்பையும் அடித்துச் செல்லப்படும். அதுபோல, நுண்மயிர்கள் அசைவதற்கு அவற்றைச் சூழ்ந்து மெல்லிய நீர்ப்படலம் இருத்தல் வேண்டும்.

அந்நீர்ப்படலத்தைக் காப்பது உப்பு. மூச்சுக்குழலின் உயிரணுக்களில் குளோரைடு வெளிச்செல்வதற்கான நுண்ணிய வாயில்கள் உள்ளன. குளோரைடு வெளியே சென்றால் நீரும் அதனைப் பின்தொடரும். மேற்கூறிய மரபணுவே இவ்வாயில்களை அமைக்கும் கட்டளையைத் தாங்கியுள்ளது. மரபணு பழுதானால் வாயில் அமைவதில்லை. அல்லது அமைந்தும் திறப்பதில்லை. உப்பு வராததால் நீரும் வருவதில்லை. நலமுள்ளவரின் கோழையில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு நீராகவே இருக்கும். இந்நோயாளியின் கோழையோ நீர் குன்றி, ஆறிப்போன கஞ்சிபோல் இறுகி, குழலின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. வியர்வைக் குழாயில் இவ்வாயிலின் பணி இதற்கு நேர்மாறானது. அங்கே அது உப்பை உடலுக்குள் மீட்டெடுக்க வேண்டும். அது நிகழாமையால் வியர்வை உப்புக் கரிக்கிறது.

ஓடாத நீரில் கொசு பெருகுவதை நம் பேட்டைவாசிகள் நன்கறிவர். தேங்கிய கோழையில் அவ்வாறே கிருமிகள் பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் படைபடையாக வருகின்றன, போரிட்டு மடிகின்றன. மடிந்த வெள்ளணுக்களிலிருந்து சிதறும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழைகள் கோழையோடு பின்னி, அதனை மேலும் பிசுபிசுப்பாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இந்நிலை நீடித்தால் மூச்சுக்குழல்கள் விரிந்து, சிதைந்து, நுரையீரல் செயலிழக்கிறது. இந்நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது இதுவே. ஆதலின், நாள்தோறும் கோழையை அகற்றுதல் இவர்கட்கு உணவைப் போன்றே இன்றியமையாத கடமையாகின்றது.

உப்புநீர்: எளிய மருந்து

கோழையை இளக்கும் மருந்துகளுள் மிக எளியது செறிவு மிகுந்த உப்புநீர். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவிச் சிறிது நேரம் வைத்தால் தட்டில் நீர் கோத்துக்கொள்வதை இல்லத்தரசிகள் அறிவர். உப்பு தன்னை நோக்கி நீரை ஈர்க்கிறது. நூற்றுக்கு 7 பங்கு உப்புக் கலந்த நீரை நுண்துளிகளாக்கி மூச்சோடு உள்ளிழுத்தால், அது மூச்சுக்குழலின் உட்பரப்பில் படிந்து, உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. வறண்ட கோழை நனைந்து இளகுகிறது. இருமலும் தூண்டப்படுவதால் அது வெளியேறவும் வழி பிறக்கிறது.

இம்மருத்துவத்தின் தோற்றத்தில் கடலுக்கும் பங்குண்டு. ஆஸ்திரேலியாவில் கடலலைகளில் சறுக்கி விளையாடும் பழக்கமுள்ள நோயாளிகள் மற்றவர்களைக் காட்டிலும் எளிதாக மூச்சு விடுவதை மருத்துவர்கள் கவனித்தனர். அக்கவனிப்பின் வழி வந்த ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நோயாளிகள் 164 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, 48 வாரங்கள் நாளுக்கு இருமுறை 4 மி.லி. நீரை உள்ளிழுத்தனர். ஒரு பிரிவினர்க்கு 7 விழுக்காட்டு உப்புநீர். மற்றவர்க்கு உடலின் உப்பளவை ஒத்த 0.9 விழுக்காட்டு நீர். செறிவு மிகுந்த உப்புநீரைப் பெற்றவர்களிடம் நோய் முற்றித் துன்புறுத்திய தடவைகள் 56 விழுக்காடு குறைந்திருந்தன.

இதைக் கேட்டுப் பொங்கோல் கடற்கரைக்குக் குழந்தையை அழைத்துச் சென்றால் போதும் என்றோ, வீட்டு உப்பைக் கரைத்துக் கருவியில் ஊற்றலாம் என்றோ எவரும் எண்ணிவிடலாகாது. பெருங்கடல் நீரில் உப்பு பொதுவாக நூற்றுக்கு 3.5 பங்கே, மருந்து நீரோ அதனினும் இருமடங்கு. அளவும் தூய்மையும் உறுதிசெய்யப்பட்டு, கிருமிநீக்கி அடைக்கப்பட்ட மருந்து நீரையே பயன்படுத்த வேண்டும். உப்புநீர் சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யும். எனவே, முதல் தடவையை மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்க் கொடுத்துப் பார்ப்பர்; ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னர்க் குழலை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை இழுக்கச் சொல்வர். 7 விழுக்காட்டைத் தாங்க இயலாத குழந்தைக்குச் செறிவு குறைந்த நீரை மருத்துவர் தேர்ந்தளிப்பதும் உண்டு.

டார்னேஸ் ஆல்பா: இழைகளை நறுக்கும் கத்தரி

உப்புநீர் கோழையை நனைக்கிறது. ஆனால், அதில் பின்னிக் கிடக்கும் டி.என்.ஏ. இழைகளை அது வெட்டுவதில்லை. அப்பணியைச் செய்வது டார்னேஸ் ஆல்பா என்னும் நொதி. நம் உடலில் இயல்பாகவே உள்ள இந்நொதி, நீண்ட இழைகளைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. சிக்குண்ட நூற்கண்டைக் கத்தரித்தால் அது உதிர்ந்துவிடுவதைப் போலக் கோழையின் பிசுபிசுப்பு தளர்கிறது.

1950களில் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த இத்தகைய நொதியைப் பயன்படுத்திப் பார்த்தனர். அது மூச்சுக்குழலை உறுத்தியதால் நிலைக்கவில்லை. பின்னர் ஸ்டீவன் ஷாக் என்னும் மருத்துவ அறிவியலாளரும் அவர் குழுவினரும் மனித நொதியின் மரபணுவைப் பிரித்தெடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களின் வாயிலாக அந்நொதியை உற்பத்தி செய்யும் முறையை வகுத்தனர். 1993 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் வழங்கியது. 968 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒருமுறை இதனை இழுத்தவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் 28 விழுக்காடு குறைந்தமை தெரியவந்தது.

இம்மருந்தைக் கையாள்வதில் சில விதிகள் உண்டு. 2.5 மி.கி. மருந்துள்ள சிறு குப்பிகளாக வரும் இதனைக் குளிர்பதனப் பெட்டியில், ஒளிபடாமல் வைத்தல் வேண்டும். உறையும் அறையில் வைக்கலாகாது. வேறெந்த மருந்தோடும் ஒரே கிண்ணத்தில் கலக்கலாகாது. கலந்தால் நொதி பயனற்றுப் போகும். தொடக்கத்தில் சிலருக்குக் குரல் கம்முவதும் தொண்டை கரகரப்பதும் உண்டு.

மேனிட்டால் பொடியும் பிறவும்

மேனிட்டால் என்பது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள். அதுவும் உப்பைப் போன்றே நீரை ஈர்க்க வல்லது. உலர்ந்த பொடியாகக் குளிகைகளில் அடைக்கப்பட்டு, கையடக்கமான சிறு கருவியின் மூலம் உள்ளிழுக்கப்படுகிறது. மின்சாரமும் பெரிய கருவியும் தேவையில்லை என்பது இதன் வசதி. ஆயினும், ஒரு வேளைக்குப் பத்துக் குளிகைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்க வேண்டும், இருமலும் எழும். ஆஸ்திரேலியாவில் 2011இலும், அமெரிக்காவில் பெரியவர்க்கு மட்டும் 2020இலும் ஒப்புதல் பெற்ற இம்மருந்தையும் முதலில் சோதித்துப் பார்த்தே தொடங்குவர்.

அசிட்டைல்சிஸ்டீன் என்பது 1960களிலிருந்து வழங்கும் பழைய மருந்து. கோழையின் புரத இழைகளை இணைக்கும் முடிச்சுகளை இது அவிழ்ப்பதாகும். ஆய்வுக்கூடக் குடுவையில் நன்கு செயற்பட்டாலும், இந்நோயாளிகளுக்கு இதனால் விளையும் பயன் உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, இன்றைய மருத்துவர்கள் உப்புநீரையும் டார்னேஸையுமே முதன்மையாகக் கொள்கின்றனர்.

வரிசை தவறலாகாது

இளகிய கோழை தானே வெளியேறிவிடாது. அதனை அசைத்து மேலே கொணரும் பயிற்சி வேண்டும். முதுகிலும் விலாவிலும் குழித்த உள்ளங்கையால் தட்டுதல், தடையுள்ள குழாயில் மூச்சை வெளிவிடுதல், வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமாகக் காற்றை வெளித்தள்ளுதல் ஆகியவற்றை இயன்முறைச் சிகிச்சையாளர் கற்பிப்பார். ஓடுதல், நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல் முதலியனவும் துணைசெய்யும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை இதுவாகும்: முதலில் குழலை விரிக்கும் மருந்து, அடுத்து உப்புநீர், பின்னர்க் கோழையகற்றும் பயிற்சி, கிருமிகளைக் கொல்லும் மருந்தும் உள்ளிழுக்க வேண்டியிருப்பின் அது இறுதியில். காரணம் வெளிப்படை. அழுக்கு நிறைந்த தரையில் மருந்து தெளிப்பவர் எவருமில்லை. முதலில் கூட்டிக் கழுவி, அதன்பின்னரே தெளிப்பர். டார்னேஸை எந்நேரத்தில் இழுப்பது என்பதை நோயாளியின் நிலைக்கேற்ப மருத்துவர் வகுப்பார். இவை அனைத்தையும் செய்து முடிக்கக் காலையும் மாலையும் கணிசமான நேரம் செலவாகும். பள்ளிப் பேருந்து வருமுன் இவற்றை முடிக்க வேண்டிய குழந்தையும் அதன் தாயும் படும் பாட்டை மற்றவர் உணர்தல் வேண்டும்.

"இன்று இருமல் இல்லையே, ஒருநாள் விட்டால் என்ன?" என்னும் எண்ணம் எழுவது இயற்கை. ஆனால், இம்மருந்துகள் துன்பம் வந்தபின் தீர்ப்பன மட்டுமல்ல, வருமுன் காப்பன. பல் துலக்குவதை ஒருநாள் விட்டால் பல் விழுந்துவிடுவதில்லை. எனினும் எவரும் அதனை விடுவதில்லை அன்றோ?

கருவியின் தூய்மை

மருந்து நீரை நுண்துளிகளாக்கும் கருவியை நெபுலைசர் என்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஐந்து பங்குக்கும் சிறியனவாகத் துளிகள் இருந்தால்தான் அவை நுரையீரலின் உட்புறத்தை எட்டும். பெரிய துளிகள் தொண்டையிலேயே தங்கிவிடும். நம் பாட்டிமார் காட்டிய ஆவி பிடித்தல் வேறு, இது வேறு. கொதிநீரின் ஆவியில் உப்போ மருந்தோ ஏறி வருவதில்லை. மேலும், கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்து போகும் அபாயமும் உண்டு. ஆகவே, ஆவி பிடித்தலை இதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

ஈரமான கருவி கிருமிகளின் உறைவிடம். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னரும் கிண்ணத்தையும் வாய்க்குழலையும் கழற்றி, சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். பின்னர், அக்கருவியின் செய்முறைக் குறிப்பு அனுமதிக்குமாயின், கொதிநீரில் ஐந்து நிமிடம் இட்டுக் கிருமிநீக்கி, தூய துணியின்மேல் காற்றில் நன்கு உலரவிட வேண்டும். நம் நாட்டின் காற்று ஈரம் மிகுந்தது. உலராத உறுப்பைப் பெட்டியில் இட்டு மூடிவைத்தல் தவறு. ஒருவரின் வாய்க்குழலை மற்றொருவர் பயன்படுத்தலும் கூடாது.

பிறர் மருந்து நமக்காகாது

"அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் சளி கரைய ஏதோ மருந்து தருகிறார்களாம், நம் தாத்தாவுக்கும் அதையே கேட்போமா?" என்று எண்ணுவோர் உளர். நுரையீரல் குழல்கள் வேறு காரணங்களால் விரிந்து கோழை கட்டிய பெரியவர்களுக்கு டார்னேஸைக் கொடுத்துச் செய்த ஆய்வு 1998இல் வெளியாயிற்று. அவர்கட்கு நன்மை விளையவில்லை. மாறாக, நோய் முற்றுவது மிகுந்து, நுரையீரலின் திறனும் குறைந்தது. ஆஸ்துமா உள்ளவர்க்குச் செறிவு மிகுந்த உப்புநீர் மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும். கோழை ஒன்றுபோல் தோன்றினும் அதன் காரணங்கள் வேறு, மருந்தும் வேறு.

நம்மவர்க்கும் வருவதே

வட ஐரோப்பிய வழியினரிடையே ஏறத்தாழ 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்படுகிறது. இந்திய வழியினரிடம் இது அரிது, ஆனால், இல்லாததன்று. இந்தியாவில் 1968ஆம் ஆண்டிலேயே இந்நோய் பற்றிய மருத்துவக் குறிப்பு வெளியாகியுள்ளது. வியர்வைச் சோதனைக் கருவிகள் அரிதாயிருந்த நிலையில், டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் உள்நாட்டிலேயே வகுத்த எளிய வியர்வைச் சோதனை முறையை 2002இல் வெளியிட்டனர். தமிழகத்தில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், தென்னிந்திய நோயாளிகளிடம் காணப்படும் மரபணு மாற்றங்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டுள்ளனர். ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணப்படும் மாற்றம் இங்கும் உண்டு; எனினும், ஐரோப்பியரிடம் காணப்படும் அளவுக்கு மிகுதியன்று. ஐரோப்பியர்க்கென வகுத்த மரபணுச் சோதனை நம்மவரிடம் சிலரைத் தவறவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

தாய், தந்தை இருவரும் பழுதான மரபணு ஒன்றைத் தாங்கியிருந்தால் மட்டுமே குழந்தைக்கு நோய் வரும்; ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாங்குவோர் தாம் நோயுறுவதில்லை. ஆதலின் தாங்குவதை அறிவதும் இல்லை. மாமன், அத்தை மக்களிடையே மணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில், இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து அம்மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது எவருடைய பாவமும் அன்று; மருமகளின் குறையும் அன்று. குடும்பத்தில் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், மணமக்கள் மரபியல் ஆலோசனை பெறுதல் அறிவுடைமையாகும்.

தேக்காவை அடுத்து, புக்கிட் தீமா சாலையில் அமைந்துள்ள கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டு பல பிறவி நோய்களைக் கண்டறியும் திட்டத்தில் அம்மருத்துவமனையின் பங்கு பெரிது. அச்சோதனை ஐயத்தை எழுப்புவது மட்டுமே. நோயை உறுதிசெய்வது வியர்வைச் சோதனையும் மரபணுச் சோதனையும் ஆகும். ஆகவே, மீண்டும் வரச்சொல்லி மருத்துவமனை அழைத்தால் அஞ்சாமலும் தாமதியாமலும் செல்லுதல் வேண்டும். 2019க்கு முன் பிறந்த குழந்தைகளும், இச்சோதனை இல்லாத நாடுகளில் பிறந்து இங்குக் குடியேறியோரும் இதில் அடங்கார். அத்தகைய குழந்தைக்குத் திரும்பத் திரும்ப நுரையீரல் அழற்சி, எடை ஏறாமை, எண்ணெய்ப் பசையுடன் நாற்றமடிக்கும் மலம், உப்புக் கரிக்கும் மேனி ஆகியவை காணப்பட்டால், பலதுறை மருந்தகத்து மருத்துவரிடம் அவற்றை ஒளிவின்றி எடுத்துரைக்க வேண்டும்.

புதிய மாத்திரைகள்

பழுதான வாயிலையே ஓரளவு சீராக்கும் மாத்திரைகள் 2012 முதல் வரத் தொடங்கின. மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரை 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதனை உண்போர் பலரின் வாழ்வு வியத்தகு முறையில் மாறியுள்ளது. நுரையீரல் நன்னிலையில் இருக்கும் அத்தகையோர் உப்புநீரையோ டார்னேஸையோ ஆறு வாரங்கள் நிறுத்தியபோதும் மூச்சுத்திறன் குறையவில்லை என்று 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. எனினும், அம்மாத்திரை எல்லா மரபணு மாற்றங்களுக்கும் பொருந்துவதன்று. விலையோ மிகமிக உயர்ந்தது. நம்மவரிடம் காணப்படும் அரிய மாற்றங்கள் சிலவற்றுக்கு அது பயன்படுவதில்லை. மாத்திரை கிட்டாதவர்க்கு உப்புநீரும் டார்னேஸும் பயிற்சியுமே இன்றும் துணை. மாத்திரை கிட்டியவரும் தாமாகவே எதையும் நிறுத்திவிடலாகாது. செலவு பற்றிக் கவலையுறுவோர் மருத்துவமனையின் சமூக சேவையாளரை அணுகி ஆலோசனை பெறலாம்.

அண்டை அயலார் அறிய வேண்டுவன

இந்நோய் தொற்றுநோயன்று. இக்குழந்தையின் இருமலைக் கேட்டுக் காசநோயோ என்று ஐயுற்று நம் பிள்ளைகளை விலக்கிவைத்தல் பெரும் பிழை. விலக வேண்டுவோர் ஒரு சாரார் மட்டுமே: இந்நோயுள்ள இருவர் ஒருவர்க்கொருவர் கிருமிகளைப் பரப்பிக்கொள்ளாதவாறு இரண்டு மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவர்.

உப்பைக் குறைக்குமாறு நாம் அனைவர்க்கும் ஓயாது கூறிவருகிறோம். அவ்வறிவுரை இக்குழந்தைகளுக்குப் பொருந்தாது. நம் வெப்ப நாட்டில் வியர்வையோடு இவர்கள் இழக்கும் உப்பு மிகுதி. அதனை ஈடுசெய்ய மருத்துவர் கூறும் அளவு உப்பும் நீரும் உணவில் கூடுதலாகச் சேர்க்கப்படும். "பிள்ளைக்கு இவ்வளவு உப்பா?" என்று அத்தாயைக் கடிந்துகொள்ளாதிருப்போமாக. வகுப்பில் இருமி வெளியே செல்ல விரும்பும் மாணவனை ஆசிரியர் தடுக்கலாகாது. விளையாட்டு நேரத்தில் அவனை ஓரமாக அமர்த்தி வைத்தலும் நன்றன்று. ஓடி விளையாடுவது அவனுக்கு மருந்தின் ஒரு கூறே. வெயிலில் விளையாடும்போது நீர் அருந்துவதற்கு மட்டும் இடையிடையே வாய்ப்பளித்தல் வேண்டும்.

அவ்வீட்டார் முன்னிரவில் விருந்துக்கு வராமலும் விழாவிலிருந்து முன்னதாகவே எழுந்து செல்லவும் நேரிடலாம். அது மருந்து இழுக்கும் வேளையாக இருக்கும். கருவியின் இரைச்சல் மெல்லிய சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கேட்கவும் கூடும். அவ்வோசையைக் குறைகூறாது, "அக்கா, ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று ஒரு சொல் கேட்டால், நாள்தோறும் இருவேளை தளராது உழைக்கும் அக்குடும்பத்துக்கு அதுவே பெருந்துணையாகும். கோழையை இளக்கும் மருந்தை மருத்துவர் தருவார். அதனை விடாது தொடர்வதற்கான மனத்திண்மையை அளிப்பதில் அண்டை வீட்டாராகிய நமக்கும் பங்குண்டு.